பேய் செருப்பைக் கழற்றிய இடம்

மாரமங்கலத்துச் சித்தனுக்குப் பேயைக் கண்டு பயம் கிடையாது. பொறாமைதான்.

இதை வெளியே சொல்லி ஆறுதல் தேடவும் வழியில்லை. பொண்டாட்டி அடுத்த வீட்டுக்காரனைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து பீடி நீட்டி விசாரிக்க நாலு பேர் வருவார்கள். பொண்டாட்டி சினிமாவில் வருகிற பேயைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றால் யார் வருவார்கள்? வருகிறவனும் ஒரு பாட்டம் சிரித்துவிட்டுத்தான் போவான்.

சித்தனுக்கு ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம், அதில் நின்ற சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, நாலு பலா மரம். இது ஊர் சொல்லும் கணக்கு. அவனைக் கேட்டால் இதெல்லாம் சோற்றுக்கு. தொழில் வேறு என்பான். மனிதர்களைச் சிரிக்க வைப்பதுதான் தொழில். எஸ்டேட் முதலாளி தன் நாய்க்கு மட்டும் இங்கிலீஷிலும் ஆட்களுக்கு வசவிலும் பேசுவதைச் செய்து காட்டுவான். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதற்குள் வாந்தி எடுத்துக் களைத்தவனுக்கு சேலம் பஸ் கண்டக்டர் ஆறுதல் சொல்வதைச் செய்து காட்டுவான். கல்யாணம், காதுகுத்து, சீர் எதுவானாலும் அவனுக்குப் பந்தியில் முதல் வரிசை. இழவு வீட்டில்கூட மூன்றாம் நாள், "எங்கடா சித்தனைக் காணோம்?" என்று தேடுவார்கள்.

கண்ணாயியை அவன் கட்டியதே இந்தத் தொழிலால்தான்.

முறைப்படி அவள் அவளுடைய தாய்மாமன் மகன் வெள்ளையனுக்குப் போயிருக்க வேண்டியவள். வெள்ளையன் ஆறடி உயரம். முகத்தைப் பார்த்தால் இப்போதுதான் யாரோ ஒரு கெட்ட சேதி சொல்லிவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தை பேசுவான். அதிலும் பாதி மாட்டோடு. பத்து வருஷத்துக்கு முன்னால் ஏற்காட்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், சித்தன் அந்த பஸ் கண்டக்டர் வேலையைக் காட்டியபோது கண்ணாயி ஆரஞ்சுக் கூடை மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரித்த சிரிப்பில் கூடை சாய்ந்து, ஆரஞ்சு எல்லாம் ஏரிப் பக்கம் உருண்டு ஓடின. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தவன் சித்தன். அவள் வீட்டில் போய், "கட்டுனா அந்தச் சிரிக்க வெக்கற ஆளத்தான் கட்டுவேன்" என்றாள். வெள்ளையனிடம் கேட்டார்கள். "சரி" என்றான். அன்றைக்கு அவன் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். பிறகு செம்மநத்தத்தில் பெண் எடுத்து, மூன்று பிள்ளைகளும் பெற்று, ஊருக்கு மேல்புறம் தன் பாட்டுக்கு இருந்தான்.

பத்து வருஷமாகச் சித்தன் கண்ணாயியை ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது சிரிக்க வைத்தான். குறைந்தால் அவனுக்குத் தூக்கம் பிடிக்காது. ஆனால் அவன் மட்டும் யார் சொன்ன வேடிக்கைக்கும் சிரித்தது கிடையாது. மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்போது அவன் பேசாமல் தாடையைச் சொறிந்துகொண்டு, "இதையே சித்த மெதுவாச் சொல்லியிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்" என்பான். டீக்கடைக்காரன் அடுத்த கடையில் டீ குடித்தால் அவன் கடைக்கு என்ன மரியாதை?

அப்படி இருந்தவனுக்கு மெட்ராஸிலிருந்து வந்தது வினை.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். காப்பி அறுவடை முடிந்த மாசியில் ஒரு சினிமாக் கம்பெனி வந்து ஏற்காட்டில் லாட்ஜ் எடுத்துத் தங்கியது. கம்பெனி என்றால் ஒரு வேன், ஒரு கேமரா, பதினெட்டுப் பேர். மாரமங்கலம் போகிற வழியில் ஒரு பழைய பங்களா பூட்டிக் கிடந்தது. பத்து நாளில் அங்கேயே முழுப் படத்தையும் முடித்துவிடுவதாக ஏற்பாடு. படத்தின் பெயர் ‘மூணாம் சாமத்து முக்காடு’. பேயாக நடிக்க அவர்கள் கூட்டி வந்த ஆள் பதினான்காவது வளைவில் வாந்தி எடுக்கத் தொடங்கி, மேலே வந்தும் நிறுத்தாமல், அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டான். பேய் இல்லாமல் பேய்ப் படம் எப்படி எடுப்பது? உயரமான ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சித்தன் உயரம் இல்லை. இருந்தும் போனான். டைரக்டர் முன்னால் ஆறு வகைப் பேய் செய்து காட்டினான். பிரசவத்தில் செத்த பேய், கிணற்றில் விழுந்த பேய், எஸ்டேட்டில் சம்பளம் வாங்காமல் செத்த பேய். மூன்றாவதிலேயே டைரக்டர் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "யோவ், நீ பேயா வந்தின்னா ஜனம் சிரிச்சிரும்யா. எனக்கு ஜனம் பயந்து சாகணும்."

அந்த நேரம் பார்த்து வெள்ளையன் இரண்டு மூட்டை காப்பித் தோலைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். புகை போடுகிற மெஷினுக்கு வசதியில்லாததால், ஈரக் காப்பித் தோலைக் கொளுத்திப் புகை போடுவது என்று முடிவாகியிருந்தது. மூட்டையை இறக்கிவிட்டு, மூச்சு வாங்கி, தன் வழக்கமான முகத்தோடு நிமிர்ந்து நின்றான். டைரக்டர் இரண்டடி பின்வாங்கினார்.

"இவன்தான்யா என் பேய்!"

சித்தன் அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரிக்க வைக்கிறான் என்பதற்காகத் தள்ளப்பட்டவன் அவன். அதையே ஒரு வாரம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அடுத்த கார்த்திகையில் படம் ஏற்காட்டுக்கு வந்தது. ஏரிக்கு மேல் மேட்டில் சேலத்துக்காரர் பழனிசாமி ஒரு தகரக் கொட்டகை நடத்தி வந்தார். சந்தைக்கு வரும் மலைக்காரர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானக் காட்சி உண்டு. தகர ஓட்டைகளில் கறுப்புத் துணி அடைத்து, உள்ளே ராத்திரி செய்துவிடுவார். மாரமங்கலமே மூட்டை முடிச்சோடு போய் உட்கார்ந்தது. வெள்ளையனைத் தவிர. அவன் வரவில்லை.

படம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷமே பயம் போய்விட்டது. காப்பித் தோல் புகையில் கதாநாயகன் ஒவ்வொரு வசனத்துக்கும் இரண்டு இருமல் இருமினான். "நான் உன்னை, லொக்கு, உயிருக்கு உயிராய், லொக்கு" என்றான். கதாநாயகிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது ஒன்றுதான் இயல்பாக இருந்தது. ஒரு வௌவால் வந்தது. வந்த வழியிலேயே பின்னோக்கிப் பறந்து போனது. அதைக் கட்டியிருந்த நூல் திரையில் கயிறு மாதிரித் தெரிந்தது. மந்திரவாதி சுவடியைப் பிரித்து மந்திரம் படித்தார். சுவடியின் பின்பக்கம் சோப்பு விளம்பரம் இருந்தது. நடுச்சாமம் என்று சொல்லிப் பகலிலேயே எடுத்து நீலமாக்கியிருந்தார்கள். அந்த நடுச்சாமத்தில், பங்களா வாசலில், ஒரு வெள்ளாடு நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது.

"அய்யோ, அது என்ற ஆடு!" என்று காளியாயி எழுந்து நின்றுவிட்டாள். சித்தனின் அடுத்த வீட்டுக்காரி அவள். "என்ற ஒத்தக் கொம்பி! ஆடியில செத்துப்போச்சே! பாரு கண்ணாயி, எப்படி மேயுது பாரு!" கொட்டகையே பேயை விட்டுவிட்டு ஆட்டைப் பார்த்தது. காளியாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் படத்தில் உண்மையிலேயே செத்துத் திரும்பி வந்தது அந்த ஆடு மட்டும்தான்.

இது வரைக்கும் சித்தன் நன்றாகவே இருந்தான். கண்ணாயி சிரித்தாள்தான், எல்லாரும்தான் சிரித்தார்கள். வேடிக்கையில் சேர்த்தி இல்லாத சிரிப்பு, பிழைக்குச் சிரிக்கிற சிரிப்பு என்று மனசுக்குள் தள்ளுபடி செய்தான். பிறகு அந்தக் காட்சி வந்தது.

கதாநாயகி அலறிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஓடுகிறாள். பின்னால் வெள்ளைச் சேலை, முகத்தில் மாவு, விரித்த கூந்தல், ஆறடிப் பேய். அந்தப் பாதை சித்தனுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அது மாரமங்கலத்து எல்லைச் சாமி கல் இருக்கிற பாதை. மஞ்சள் பூசிய மூன்று கல். மலையில் பிறந்த யாரும் அதைச் செருப்புக் காலோடு தாண்டியது கிடையாது. பத்தடி முன்னால் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கும்பிட்டு, பத்தடி தள்ளிப்போய் மாட்டிக்கொள்வார்கள். ஓடுகிறவனும் அப்படித்தான்; பிணம் தூக்குகிறவனும் அப்படித்தான்.

பேய் கையை விரித்துக்கொண்டு கல்லை நெருங்கியது. நின்றது. குனிந்தது. சேலையைச் சற்றே தூக்கி, டயர்ச் செருப்பு இரண்டையும் கழற்றி இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டது. கல்லைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. பிறகு வெறுங்காலோடு அடக்கமாகப் பத்தடி நடந்து, செருப்பைக் கீழே போட்டு, வலது காலை ஒரு தரம் உதறி மாட்டிக்கொண்டு, மறுபடி கையை விரித்தது.

கதாநாயகிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் முன்னாலேயே நின்று பேய் கும்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, செருப்பு மாட்டியதும் அலறிக்கொண்டு ஓடினாள். பிற்பாடு சத்தம் சேர்த்தவனோ எதையும் கவனிக்காமல், இவ்வளவு நேரமும் "ஹஹ்ஹா! ஹஹ்ஹஹ்ஹா!" என்று இரத்தம் உறையும் சிரிப்பு ஒன்றைப் போட்டு வைத்திருந்தான்.

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கண்ணாயிக்கு முதலில் சத்தமே வரவில்லை. வாயைத் திறந்தபடி காளியாயி மடியில் சாய்ந்தாள். பிறகு மூச்சு திரும்பி, அந்தச் சிரிப்பு வந்தது. ஆரஞ்சுக் கூடையைக் கவிழ்த்த அதே சிரிப்பு. பத்து வருஷத்தில் சித்தன் அதை மறுபடி கேட்டதில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை அவன் வாங்கியதெல்லாம் இதன் சில்லறை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவள் சிரித்துக்கொண்டே சட்டென்று அவன் பக்கம் திரும்பி முகத்தைப் பார்த்தாள். "பாத்தீங்களா? ஏனுங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். செருப்பைக் கழட்டுனான். இதுல என்ன இருக்குது?"

கண்ணாயி ஒரு நொடி அவனையே பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. களி கிண்டும்போது துடுப்பை நிறுத்திவிட்டுத் தானாகச் சிரித்தாள். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் சிரித்தாள். சித்தன் தன்னிடமிருந்த எல்லாச் சரக்கையும் இறக்கினான். பஸ் கண்டக்டர், எஸ்டேட் நாய், தும்மிக்கொண்டே ஆள் பெயர் கூப்பிடும் ரைட்டர். கண்ணாயி கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாருக்குதுங்க" என்றாள்.

நல்லாருக்குதாம். சிரிக்க வைப்பவனைக் கொல்ல அதைவிடக் கூர்மையான வார்த்தை தமிழில் இல்லை.

"வெள்ளையன் மச்சானுக்குள்ள இப்படி ஒரு ஆளு இருக்குதுன்னு யாருக்குங்க தெரியும்?" என்று காளியாயியிடம் அவள் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. மச்சான். பத்து வருஷமாக அந்தச் சொல் அவள் வாயில் வந்ததாகச் சித்தனுக்கு நினைவில்லை. வந்திருக்கும், அப்போது உறுத்தவில்லை.

அடுத்த ஞாயிறும் படத்துக்குப் போனாள். அதற்கடுத்த இரண்டு ஞாயிறும். "நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள். அவனும் போனான். அவளைத் தனியாகச் சிரிக்க விடுவது அதைவிடக் கொடுமை. ஒவ்வொரு முறையும் பேய் குனியும்போது அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். தோற்றவன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறாள் என்றே அவன் எடுத்துக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு தொழில்காரனாகக் காட்சியை ஆராய்ந்தான். வெள்ளையன் என்ன செய்கிறான்? ஒன்றும் செய்யவில்லை. அங்கேதான் வயிறு எரிந்தது. அந்தக் கால் உதறலை மட்டும் தான் செய்திருந்தால் இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவனுக்கு அது காலில் மண் ஒட்டியதால் வந்தது.

ஒருநாள் சாயங்காலம் சித்தன் வேட்டியைத் தலையோடு முக்காடு போட்டு, முகத்தில் ராகி மாவு பூசி, அடுப்படி வாசலில் வந்து செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான். காலை அதே மாதிரி உதறினான்.

கண்ணாயி ஏறிட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, சளி புடிச்சிருக்குதா? ஆவி புடிக்கறீங்களா? அதுக்கு எதுக்குங்க மாவை வீணாக்கறீங்க?"

மறுநாள் காலையில் சித்தன் ஊர் மூப்பர் வெங்கடாசலத்தின் வாசலில் நின்றான்.

அவன் சொன்ன புகார் சுத்தமாக இருந்தது. எல்லைச் சாமிக்கு முன்னால் ஆண்பிள்ளை ஒருவன் சேலை கட்டி, மாவு பூசி, பேய் வேஷத்தில் வந்து நின்றிருக்கிறான். சாமிக்கு அது அவமரியாதை. அதைக் கொட்டகையில் போட்டு ஊரே சிரிக்கிறது. மழை தப்பினால் யார் பொறுப்பு? ஊர் சொன்னால் பழனிசாமி படத்தைத் தூக்கிவிடுவார். இதைச் சொல்லும்போது சித்தனின் குரலில் பக்தி ததும்பியது. எல்லைச் சாமிக்குப் பொங்கல் வைக்க அவனிடம் முந்தைய வருஷம் நாலு தடவை அரிசி கேட்டு அலைந்தவர் மூப்பர். அவர் அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். இருந்தாலும் புகார் புகார்தான். கூட்டம் கூட்டினார்.

வெள்ளையன் வந்து நின்றான். அதே முகம்.

"ஏன்டா வெள்ளையா, சாமி கல்லுக்கு முன்னால பேய் வேசத்துல வந்தது நெசமா?"

"நெசந்தானுங்க."

"எதுக்குடா?"

"அந்தப் புள்ளயத் தொரத்தச் சொன்னாங்க. தொரத்துனனுங்க. வழியில சாமி கல்லு இருந்துச்சுங்க. கழட்டிக் கும்புட்டுப்போட்டு, மறுக்காத் தொரத்துனனுங்க."

பின்வரிசையில் யாரோ துண்டை வாயில் திணித்துக்கொண்டார்கள். சித்தனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஞ்சாயத்தில் நிற்கும்போதும் இவன் எடுபடுகிறானே!

"பேயிக்கு எதுக்குடா செருப்பு?" என்றார் மூப்பர்.

"முள்ளுங்க."

இப்போது துண்டு போதவில்லை. மூப்பர் மீசையைத் தடவுவது போல வாயை மறைத்துக்கொண்டார். "டைரக்டரு ஒண்ணுஞ் சொல்லலியா?"

வெள்ளையன் தரையைப் பார்த்தான். "நொம்பத் திட்டுனாருங்க. தலையில அடிச்சுக்கிட்டாருங்க. மறுபடி எடுக்கறதுக்கு பிலிமு இல்லையாமுங்க. என்னாலதான் படம் கெட்டுப்போச்சுன்னாருங்க."  வாழ்நாளில் அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். இன்னும் மிச்சம் இருந்தது. "பாத்தவங்க எல்லாம் சிரிக்கறாங்களாமா. அதனால சந்தைக்குப் போறதில்லீங்க. நாலு வாரமா பொண்டாட்டியத்தான் அனுப்பறேன். படத்தையும் நான் பாக்கலீங்க. எப்படிங்க பாக்கறது?"

கூட்டம் அடங்கியது. சித்தன் தாடையைச் சொறிய எடுத்த கை பாதியில் நின்றது. எந்தச் சிரிப்புக்காக அவன் நாலு வாரமாக உறக்கம் கெட்டானோ, அதற்குப் பயந்து இந்த மனிதன் நாலு வாரமாக வீட்டுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறான். பாவமாக இருந்தது. பாவப்படும்போதே, ‘அப்படியானால் அதை எனக்குக் கொடுத்துத் தொலையேன்’ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. மனசின் லட்சணம் அவ்வளவுதான்.

மூப்பர் தொண்டையைச் செருமினார். "படத்தைப் பாக்காம எப்படி நாயஞ் சொல்றது? நான் இன்னும் பாக்கலே. ஞாயித்துக்கெழம கூட்டம் மொத்தமும் போய்ப் பாக்கோணும். புகார் சொன்னவனும் பேயும் பக்கத்துல பக்கத்துல ஒக்காரோணும்."

படத்தை நிறுத்தப் போனவன், படத்துக்கு ஊர்க்கூட்டத்தையே திரட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.  கண்ணாயி சோற்றைப் போட்டுவிட்டு, "மச்சான் சந்தைக்கு வராததுக்கு இதுதானா காரணம்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. முன் பெஞ்சில் மூப்பர், அவருக்கு அடுத்துக் கூட்டத்துப் பெரியவர்கள், பிறகு வெள்ளையன், சித்தன், கண்ணாயி. பழனிசாமிக்கு விஷயம் தெரிந்து, கைகளைப் பிசைந்துகொண்டு கதவோரம் நின்றார்.

கதாநாயகன் இருமினான். வௌவால் பின்னோக்கிப் போனது. ஒத்தக் கொம்பி மேய்ந்தது, காளியாயி அழுதாள். பிறகு ஜன்னலில் முதன்முதலாகப் பேய் தெரிந்தது.

"அய்யோ ஆத்தா!"

கத்தியது வெள்ளையன். ஏற்காட்டில் நாலு வாரமாக ஓடிய அந்தப் படத்துக்குப் பயந்த ஒரே மனிதன். இரும்புப் பிடியாகச் சித்தனின் கையைப் பிடித்துக்கொண்டான். 

"தம்பி, அது என்னதுப்பா?"

"நீங்கதானுங்கண்ணா."

"நானா? நானா இப்படி இருக்கறேன்?"

"மாவு பூசியிருக்குதுங்கண்ணா. மத்தபடி இப்படியேதான் இருக்கறீங்க."

வெள்ளையன் கையை விடவில்லை. போட்டிக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொல்ல வேண்டிய நிலைமை எந்தப் பொறாமைக்காரனுக்கும் வரக் கூடாது. சித்தன் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தான். வேறென்ன செய்வது?

அந்தக் காட்சி வந்தது. பாதை வந்தது. மஞ்சள் பூசிய மூன்று கல்லும் திரை முழுக்கப் பெரிதாக எழுந்தன. முன் பெஞ்சில் ஒரு சரசரப்பு. மூப்பர் வெங்கடாசலம் செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டு திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்தவர் கும்பிட்டார். அதற்கடுத்தவர். மேலே பேய் செருப்பைக் கழற்றியது. கீழே கூட்டம் செருப்பைக் கழற்றியது. படத்துக்குச் சத்தம் சேர்த்தவன் "ஹஹ்ஹஹ்ஹா" என்று இரத்தத்தை உறைய வைத்துக்கொண்டிருந்தான்.

சித்தன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். மூப்பரிடமிருந்து வரிசையாக ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தான். வெள்ளையன், தன்னைத் தானே பார்த்துக்கொண்டு, மேலே எப்படியோ அப்படியே கீழேயும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அதற்கடுத்து இரண்டு கைகள் நெஞ்சுக்கு நேரே கூப்பியிருந்தன. அவை தன் கைகள் என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கீழே காலைத் தடவிப் பார்த்தான். வெறுங்கால். சிமெண்டுத் தரை ஜில்லென்று இருந்தது. எப்போது கழற்றினான்? நாலு வாரமும் கழற்றியிருக்கிறானா? பல்லைக் கடித்துக்கொண்டு, இதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு தடவையும்?

அடிவயிற்றில் என்னவோ அசைந்தது. மார்கழிக் குளிரில் எஸ்டேட் ஜீப்பைக் கிளப்புகிற மாதிரி, முதலில் ஒரு உறுமல், ஒரு திணறல், நின்றுபோய் மறுபடி ஒரு திணறல். பத்து வருஷமாகக் கிளப்பாத வண்டி. பிறகு பிடித்துக்கொண்டது. சித்தன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வர, மூக்கில் வர, குரங்கு போலக் கீச்சுக் கீச்சென்று, தன் தொழிலுக்கே அவமானமான ஒரு குரலில் சிரித்தான். வெள்ளையன் திடுக்கிட்டு அவனைப் பார்த்தான். அந்த முகத்தைக் கண்டதும் சித்தனுக்கு இன்னும் தாங்கவில்லை.

மூச்சு வாங்க இந்தப் பக்கம் திரும்பினான். கண்ணாயி திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பேயைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் மூப்பர் நாயம் சொன்னார். "செத்துப் பேயான பொறவும் சாமிக்கு மரியாத குடுத்திருக்கறான். உசுரோட இருக்கற நம்மூருக்காரனே பல பேரு பொங்கலுக்கு அரிசி குடுக்கறதில்ல." இதைச் சித்தனைப் பார்த்துச் சொன்னார். "குத்தம் இல்ல. வெள்ளையா, இனிச் சந்தைக்கு வாடா."

கடைசி பஸ்ஸில் இறங்கி நடக்கும்போது கண்ணாயி சித்தனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"நாலு வாரமா நான் பேயப் பாக்கறதுக்காப் போனேன்னு நெனச்சீங்க?"

"பின்ன?"

"மொதல் நாளு பேயத்தான் பாத்தேன். இதுக்காவது இந்த மனுசன் சிரிக்கறாரான்னு திரும்பிப் பாத்தா, எழவு ஊட்டுல ஒக்காந்த மாதிரி இருந்தீங்க. இதுக்கே சிரிக்காட்டி வேற எதுக்குங்க சிரிப்பீங்க? பத்து வருசமா நான் ஒருத்தியே சிரிச்சிட்டிருக்கறேன். ஒத்தையாச் சிரிக்கறது எவ்வளவு நாளைக்குங்க நல்லாருக்கும்?"

  சித்தன் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "என்ற சிரிப்பு எப்படிப் புள்ள இருந்துச்சு?" என்றான்.

"குரங்காட்ட இருந்துச்சுங்க. நொம்ப அசிங்கம்." அவள் குரல் அப்படிச் சொல்லவில்லை.

சித்தனுக்கு மனசு லேசானது. நடைதான் சரியாக வரவில்லை. வலது கால் செருப்பு தொளதொளவென்று இழுத்தது. எல்லைக் கல் வந்ததும் வழக்கம் போல எல்லாரும் நின்றார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கும்பிட்டார்கள். பத்தடி தள்ளிப் போய்ச் செருப்பைக் கீழே போட்டபோது, வெள்ளையன் கீழே பார்த்து, தன் கெட்ட சேதி முகத்தோடு சொன்னான்:

"தம்பி, உன்றகிட்ட இருக்கறதுல ஒண்ணு என்றதாட்ட இருக்குது. எனக்கும் அங்க இருந்தே கடிச்சுச்சு. பஞ்சாயத்துல நின்னவன், கேக்கலாமா கூடாதான்னு தெரியல."

இருட்டுக் கொட்டகையில் அத்தனை பேரும் கழற்றிய அவசரத்தில் மாறிப்போயிருந்தது. பேயின் டயர்ச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் சித்தன் ஏற்காட்டிலிருந்து பஸ் ஏறி, ஊர் எல்லை வரை வந்திருக்கிறான். இருவரும் ஒற்றைக் காலில் நின்று மாற்றிக்கொண்டார்கள். வெள்ளையன் தன்னுடையதை வாங்கி, மாட்டும் முன், வலது காலை ஒரு தரம் உதறினான்.

அவ்வளவுதான். கண்ணாயி பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆரஞ்சுக் கூடைச் சிரிப்பு. காளியாயி அவளைத் தூக்கப் போய்த் தானும் உட்கார்ந்தாள்.

"யாரப் பாத்துப் புள்ள சிரிக்கறே?" என்று சித்தன் கேட்டான். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டான்.

அவளால் பேச முடியவில்லை. கையை மட்டும் தூக்கி ஒரு விரலை நீட்டினாள். விரல் ஆடிக்கொண்டே இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. கொஞ்சம் தன் பக்கமாகச் சாய்ந்து நின்றதாகத்தான் சித்தனுக்குப் பட்டது. வெள்ளையனுக்கு எப்படிப் பட்டது என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.